மீன்குஞ்சும் நீச்சலும்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவந்தால் முன்வினை தீருமாம். பிறந்த சாதி மட்டும் தீராதாம்! ஏனென்று கேட்டால், "மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமோ?" என்று பழமொழியை வீசுவர். கற்றுத்தர வேண்டாமெனில், 1953இல் இராசாசியார் அரை நேரம் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது எதற்கு? அத்திட்டம் 1954இல் மாண்டது. பழமொழி மாளவில்லை. இன்று அது விஞ்ஞான அங்கி பூண்டு உலவுகிறது. சூழல் தந்த இயல்பும் பரம்பரையாகும் என நிரூபித்துவிட்டனரே, தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் இரத்தத்தில் ஊறாதா என்கின்றனர்.

அந்த நிரூபணத்தை நாமும் புரட்டிப் பார்த்தோம். அதே 1953இல் வாடிங்டன் என்னும் பிரிட்டானிய அறிஞர் வெளியிட்ட சோதனை அது. பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களை 40 டிகிரி வெப்பத்தில் வாட்டினார். சில ஈக்களின் இறக்கையில் குறுக்கு நரம்பு இல்லாது போயிற்று. அவற்றை மட்டும் பொறுக்கி இணையவிட்டார். அவற்றின் வழித்தோன்றல்களையும் வாட்டினார், பொறுக்கினார். 10 தலைமுறைக்கு மேல் சென்றபின், வாட்டாமலே நரம்பற்ற ஈக்கள் சில பிறந்தன. வெப்பமா மரபை எழுதிற்று? இல்லை. முன்பே உள்ளே மறைந்துகிடந்த வேறுபாடுகளை வெப்பம் காட்டிக்கொடுத்தது. பொறுக்கிய கை அவற்றை ஒன்றுசேர்த்தது. நெருங்கிய உறவிலேயே இணைத்து இணைத்து வேறுபாடு வற்றிப்போன ஈக்களிடம் இது பலிக்கவில்லை. குலத்தூய்மை பேசுவோர் கவனிக்க! இதில் தறியும் இல்லை, உளியும் இல்லை.

நம் தோழர் சிலரும் இங்கே சறுக்குகின்றனர். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தைப் பஞ்சம் வாட்டியது. அப்போது கருவில் இருந்தோரின் மரபணு ஒன்றின்மீது படிந்த வேதிக்குறி மாறியிருந்ததை 60 ஆண்டுகளுக்குப் பின்னும் கண்டனர். உண்மைதான். மரபணுவின் எழுத்து மாறவில்லை, குறிதான் மாறியது. மனிதரிடம் அக்குறி பேரன்வரை இறங்குமென்பது இன்னும் நிறுவப்படவில்லை. அதற்குள், "தீண்டாமையின் வடு ஒடுக்கப்பட்டோர் மரபணுவிலேயே பதிந்துவிட்டது" என்று இரங்குவது, தலையெழுத்தைச் சோதனைச்சாலையில் புதுப்பிக்கும் வேலை.

திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரைப் பாருங்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆதித்திராவிடர் அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலுள் கால் வைத்ததில்லை. தாத்தன் நின்ற எல்லையிலேயே பேரனும் நின்றான். பிறவிக் குணமோ? 2023 ஜனவரி 30 அன்று, ஆட்சியரும் காவல்துறையும் உடன்நிற்க, உள்ளே நுழைந்தனர். மரபணு மாற ஒரு காலைப்பொழுது போதுமோ? அன்று எதிர்த்து நின்ற ஆதிக்கச் சாதியினரின் சினம் எந்த மரபணுவில் இருந்ததென்பதைக் குலவாதிகள்தாம் சொல்லவேண்டும்.