வாசித்த கட்டுரையும் சொல்லாத மறுப்பும்

அயல்நாட்டுக் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசிப்பது தமிழ் ஆய்வாளனுக்கு ஒரு தகுதிச் சான்று. ஊர் திரும்பியதும் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாக அது சேர்ந்துவிடுகிறது. அங்கே யார் கேட்டார்கள், எது மறுக்கப்பட்டது என்று எவரும் விசாரிப்பதில்லை. எனக்கும் அப்படியொரு வரி உண்டு. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உள்ளுறை உவமம் பற்றி இருபது நிமிடம் ஆங்கிலத்தில் வாசித்தேன். நான் தமிழ் எம்.ஏ. ஆங்கிலம் எனக்குப் படிக்கிற மொழி. பேசிப் பழகிய மொழியில்லை. முடித்ததும் ஒருவர் எழுந்து, 'இது மெட்டஃபர்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'இல்லை' என்பதற்கான காரணம் முழுவதும் தமிழில் என் தலைக்குள் இருந்தது. வாயில் வந்ததோ 'யெஸ், இன் எ வே'. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது.

அந்தக் காரணம் இதுதான். மருதத்தில் தோழி பேசுகிறாள்: தலைவனின் ஊரில் எருமை தாமரையை மேய்கிறது. அவ்வளவுதான். அவனுடைய பரத்தமை பற்றி ஒரு சொல் இல்லை. மெட்டஃபரில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். இங்கே எருமை எருமையாகவே மேய்கிறது. வீராணம் பாசனத்தில் வளர்ந்த எனக்கு எருமையும் நீரும் கண்ணால் கண்டவை. ஒப்புமையை முடித்துக்கொள்ள வேண்டியவன், கேட்டுக்கொண்டிருக்கிற தலைவன். அவன் மனம் உறுத்தாவிட்டால் அது வெறும் ஊர் வருணனையாகவே நின்றுவிடும். உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம் அவற்றுள் தெய்வத்தை மட்டும் விலக்குகிறது என்பதும் கவனத்திற்குரியது. தெய்வத்தின் சாட்சியம் இல்லாமல், வயலிலும் குளத்திலும் கிடப்பதைக் கொண்டே, அதிகாரம் உள்ளவனிடம் நேரே சொல்ல முடியாததைச் சொல்வதற்கான ஏற்பாடு இது என்பது என் வாசிப்பு. இதைச் சொல்லியிருந்தால் ஒரு விவாதம் தொடங்கியிருக்கும். நான் 'யெஸ்' சொன்னதால் தமிழ்க் கருத்தாக்கம் ஒன்று, ஐரோப்பியக் கருத்தாக்கத்தின் உள்ளூர் உதாரணமாகச் சுருங்கிப்போயிற்று. சுருக்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

லால்பேட்டைக்குத் திரும்பிய பின் வந்த வெள்ளிக்கிழமை இது வேறு விதமாகப் புரிந்தது. எங்க ஊர் நூறாண்டைத் தாண்டிய அரபுக் கல்லூரியால் அறியப்பட்ட ஊர். ஜும்ஆவில் முதலில் தமிழில் பயான். பிறகு மிம்பரில் அரபியில் குத்பா. குத்பாவை மௌனமாகக் கேட்பது கடமை; இடையில் யாரும் எழுந்து வாதாட மாட்டார்கள். வழிபாட்டுக்கு அது பொருத்தமானது. ஆனால் கருத்தரங்கிலும் ஆங்கிலத்தை நாம் அப்படித்தானே வைத்திருக்கிறோம், பிழையில்லாமல் ஓதிவிட்டு இறங்க வேண்டிய மொழியாக?

இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். 'அட போ தம்பி, கபீல்கிட்ட நான் அரபியிலதான் சண்டை போட்டேன். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வினையப் போட்டுப் பேசுவேன். அவன் சிரிப்பான். சிரிச்சிக்கிட்டே பாக்கிச் சம்பளத்த எண்ணி வைப்பான். மொழி தப்பாப் போச்சு, கணக்கு தப்பாப் போவலயே' என்றார்.

இந்த அளவுகோலை நம் முன்னோடிகள் மீது வைத்துப் பார்க்கலாம். வலங்கைமானில் 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெள்ளி நாக்குப் பேச்சாளர் எனப் பெயர் பெற்றவர். 1935 முதல் 1940 வரை எங்கள் பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1922இல் அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக ஆங்கிலத்தில் பேசினார். ஆஸ்திரேலியாவில் 1925இல் பலன் தெரிந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1947இல், சாஸ்திரி இறந்த மறு ஆண்டில். அவருடைய ஆங்கிலத்தில் குறை இருந்ததால் நேர்ந்த தாமதம் இது என்று யாரும் சொல்ல முடியாது. மொழித் தேர்ச்சிக்குக் கிடைக்கும் பாராட்டு வேறு, வாதத்திற்குக் கிடைக்கும் பதில் வேறு.

இன்னொருவர் தனிநாயகம் அடிகள். ஈழத்தில் 1913இல் பிறந்து, ரோமில் குருத்துவம் பயின்று, பின்பு அண்ணாமலையில் தமிழ் எம்.ஏ. படித்தவர். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் தில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாவதற்கு முன்நின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டினார். சங்கக் கவிதையின் இயற்கையைக் கிரேக்க, ரோமானியக் கவிதையோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியவியல் என்றாலே சமஸ்கிருதம் என்றிருந்த அரங்கில் அது ஒரு 'இல்லை'. அந்த மறுப்பைச் சொல்வதற்கே அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அவருக்குப் பின்வந்த நம்மில் பலர் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு மறுப்பை விட்டுவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. நானும் அதில் அடக்கம்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. நான் எம்.ஏ. படித்தபோது தனிநாயகம் அடிகள் ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் வந்தார். அவருடைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக்கூட வகுப்பில் நாங்கள் பிரித்ததில்லை. வெளியே நடந்த வாதம் உள்ளே தமிழில் தொடரவில்லை. இங்கே தமிழில் சண்டை போட்டுப் பழகாதவன் அங்கே போய் எந்த மொழியில் சண்டை போடுவான்? அயலில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் முதலில் இங்கே தமிழில் அச்சாகி, நான்கு பேரிடம் அடி வாங்க வேண்டும். அங்கே கேட்ட கேள்விகளும் தமிழுக்கு வந்து சேர வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு நான் தர வேண்டிய பதில் இக்கட்டுரையின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதி அவருக்கு அனுப்பப் போகிறேன். யாரிடமும் கொடுத்துத் திருத்தப் போவதில்லை.