சாய்மனைக் கதிரையிலிருந்து ஒரு செயலி

புளியங்கூடல் கோயில் தேரை ரொறன்ரோவில் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு அம்மம்மா சாய்மனைக் கதிரையில் சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரை பத்தடி தள்ளி. கையில் ரிமோட் மட்டும்.

2014இல் கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு டிவிக்குச் செயலி செய்பவர் முதலில் திரையைத் தொடும் விரலை மறக்க வேண்டும். இங்கே இருப்பது ரிமோட்தான்: நான்கு திசைப் பொத்தான்கள், நடுவில் ஓகே, திரும்பிவர ஒன்று. எந்தப் படத்தில் நிற்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரியவேண்டும். அந்தப் படம் சற்றே பெருத்து முன்வருவதுதான் இந்த வேலையின் அழகு. தமிழ்த் தலைப்புகளோ நீளம், பெட்டிக்குள் அடங்க மறுக்கும்!

திரையின் ஓரங்களில் 5 சதவீதம் இடம் விடுவது, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் விளிம்பை விழுங்கிய காலத்து மிச்சம்.

செயலியை வெளியிட 320க்கு 180 பிக்சல் அளவில் பதாகைப் படம் வேண்டும். தொடுதிரை கட்டாயமில்லை என்று, செயலியின் தேவைகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதாவிட்டால், டிவியின் பிளே ஸ்டோரில் செயலி தலைகாட்டாது.