மெட்டு தேறியது, வரி தேறவில்லை

தமிழ் ராப் பற்றிய பேச்சு இன்னும் இரண்டே சுருதியில்தான் நடக்கிறது. ஒன்று 'நம்ம பையன்' என்ற பெருமிதம், மற்றது 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்ற உதறல். ஹிப்ஹாப் தமிழா ஆதியை எடைபோட வருபவர் இரண்டையும் வாசலில் விட்டுவிட்டு வருவது நல்லது. 2011இல் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது முதல் 2024இல் 'கடைசி உலகப் போர்' வரை பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று அவர் உட்காராத நாற்காலி இல்லை. இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது முதல் மூன்றை.

முதலில் சொல்லோட்டம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஏலம் கேட்டவர்களுக்கு வேகம் மட்டுமே திறமை ஆகாது என்பது தெரியும். ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் தொகையை அடுக்கினாலும், கூட்டத்தின் கடைசியில் நிற்கும் வியாபாரியின் காதிலும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக விழுந்தாக வேண்டும். இந்தத் தேர்வில் ஆதி நன்றாகவே தேறுகிறார். கோவைப் பேச்சின் நிதானம் அவருடைய ராப்பில் இருக்கிறது, சொல் சிதைவதில்லை. பட்டிதொட்டியெல்லாம் ராப்பைக் கொண்டுபோன தெளிவு அது. ஆனால் அதே தெளிவு அவருக்கு விலங்காகவும் ஆகிவிட்டது. வரி தாளக்கட்டின் எல்லையில் தொடங்கி எல்லையிலேயே முடிகிறது. மூச்சு எங்கே விழும் என்பது இரண்டாவது சரணத்திலேயே கேட்பவருக்குப் பிடிபட்டுவிடும். மலேசியாவின் யோகி பி அண்டு நட்சத்ரா 2006இல் கொடுத்த 'வல்லவன்' ஆல்பத்தில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்று மூன்று குரல்களுக்கு மூன்று நடை. 2012இல் வந்த ஆதியின் 'ஹிப்ஹாப் தமிழன்' இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 'இந்தியாவின்' என்ற சொல் அங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதுகை, மோனை, இயைபு மூன்றும் கையில் இருக்கும் மொழி இது. இவற்றில் மலிவானது இயைபு. தமிழ் வினைமுற்றுகள் பாதி தாமாகவே ஒரே ஓசையில் முடிபவை. இரண்டு வினையை அடுத்தடுத்து வைத்தாலே வரி ஒத்துவிடும். ஆதி பெரும்பாலும் இந்தச் சுலப வழியிலேயே நடக்கிறார். வரியின் உள்ளே ஓசை கட்டும் உழைப்பு அவரிடம் குறைவு. ராப்பர் அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் தந்த 'தெருக்குரல்' ஆல்பத்தை அருகில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்து சரக்கு. 'கிளப்புல மப்புல' பண்பாடு கெட்டுப்போனதற்கு அழுகிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது குடிக்கும் ஆணை அல்ல, கிளப்புக்குப் போகும் பெண்ணை. வடிவம் நியூயார்க் தெருவில் பிறந்தது, தீர்ப்போ திண்ணைப் பெரியவருடையது. இந்த முரண்பாட்டைப் பாடல் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொண்டிருந்தால் நல்ல அங்கதம் ஆகியிருக்கும்.

'டக்கரு டக்கரு' இதைவிடக் கவனமாக எழுதப்பட்டது. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு முன்பே வந்து, அதன் முழக்கமாகவும் ஆனது. ஜல்லிக்கட்டுத் தடையை நாட்டு மாடு, இனப்பெருக்கம், பால் வணிகம் என்று விரித்துப் பேசியது. மேடைப் பேச்சை நடனத்தாளத்தில் உட்காரவைத்தது சாமானிய வேலை அல்ல. ஆனால் தமிழகத்திலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்தின் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டைப் பார்க்கும் ஊர்க்காரர்கள் இந்தப் பாடலில் தேடினால் கிடைக்காதவை நிறைய. முதல் மரியாதை யாருக்கு, எந்தக் காளை முதலில் அவிழ்க்கப்படும், எந்தத் தெருக்காரர் எங்கே நிற்கலாம் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. 'தமிழன்' என்ற ஒற்றைத் தொகுதியில் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். போராட்டத்தின் இறுதியில் ஆதி விலகுவதாக அறிவித்தது அரசியல் விமர்சகர்களின் பாடு. பாடலை எடைபோட அது அளவுகோல் ஆகாது.

மூன்றாவது, இசைத்தளம். இங்கேதான் ஆதியின் உண்மையான சாதனை இருக்கிறது. அல்லது ஆதி, ஜீவா இருவரின் சாதனை. 'ஹிப்ஹாப் தமிழா' என்பது இரட்டையர் பெயர். புகழ் முழுதும் முகம் தெரிந்தவருக்கே போய்ச் சேருகிறது. யார் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை. 2015 பொங்கலுக்கு 'ஆம்பள' படத்தில் தொடங்கியவர்கள் அதே ஆண்டு 'தனி ஒருவன்' தந்தார்கள். 'தீமைதான் வெல்லும்' பாடலில் அரவிந்த்சாமியின் பேச்சுக்குரலையே வாத்தியமாக்கியிருப்பது ராப்பின் இலக்கணம் தெரிந்தவருக்கே தோன்றும் யோசனை. பாடத் தெரியாத வில்லனுக்கு ராப் தவிர வேறெதுவும் பொருந்தியிருக்காது; அவன் ஆணவம் தாளத்தில் ஏறுகிறது. அதே படத்தின் 'கண்ணால கண்ணால' மெல்லிசையில், ராப் பாடகர் என்ற முத்திரையே தெரியவில்லை. 2018இல் 'இமைக்கா நொடிகள்' படத்தின் 'நீயும் நானும் அன்பே' இந்தத் திறன் தற்செயல் அல்ல என்பதற்குச் சான்று. பல்லவியின் முதல் நான்கு வினாடிகளில் காதைப் பிடித்துக்கொள்ளும் கலையில் அவர் தலைமுறையில் அவருக்கு இணை மிகச் சிலரே.

2017இன் 'மீசைய முறுக்கு' தன் வரலாற்றைத் தானே எழுதி, இயக்கி, நடித்து, இசையமைத்த படம். துணிச்சலில் குறையில்லை, விவேக் அப்பாவாக வந்து படத்துக்குக் கனம் சேர்த்தார். அதற்குப் பின் 'நட்பே துணை', 'நான் சிரித்தால்', 'சிவகுமாரின் சபதம்', 'அன்பறிவு', 'வீரன்', 'பி.டி. சார்' என்று நாயகன் வளர வளர ராப்பர் நாயகனின் அறிமுகப் பாடலாகச் சுருங்கினார். திரையைத் தாண்டிய ராப் ஆல்பம் என்றால் 2020இன் 'நா ஒரு ஏலியன்' மட்டுமே சொல்லத்தக்கது. அதிலும் ஒலிவடிவம் முன்னேறியிருக்கிறது. சிந்தனை 2012இலேயே நிற்கிறது.

அவருடைய படைப்புகளில் முறைமை மிகுந்தது பாட்டே அல்ல. 2019இல் வெளியான 'தமிழி' ஆவணத் தொடர், தமிழ் எழுத்தின் பழமையைக் கல்வெட்டு கல்வெட்டாகத் தேடிப்போகிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டை வைத்திருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு அதன் பெருமிதத் தொனி சில இடங்களில் மிகை என்று படலாம். ஆனாலும் அங்கே ஆதி அறிஞர்களை உட்காரவைத்துக் கேட்கிறார், அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார், சான்றைக் காட்டிவிட்டுப் பேசுகிறார். ராப்பில் இந்த வரிசை தலைகீழ்: தீர்ப்பு முதலில், சான்று நேரமிருந்தால்.

இசையமைப்பாளர் ஆதிக்கு 'தனி ஒருவன்' ஒன்றே போதும், இடம் உறுதி. ராப்பர் ஆதியை நுட்பத்தில் யோகி பிக்குப் பின்னாலும், சொல்லின் பொறுப்பில் அறிவுக்குப் பின்னாலும்தான் வைக்க முடிகிறது. 'தமிழி'யில் வேலை செய்த அந்தக் காது ஒரு முழு ராப் ஆல்பத்துக்கு இன்னும் வேலை செய்யவில்லை.