ஈர்க்கில் எண் கோலம்

கொழும்பு–பதுளை வீதியில் ஹல்துமுல்லையை அண்டிய தோட்டங்களில், சின்னப் பிள்ளைகளுக்கு எண் கோலம் சொல்லிக்கொடுக்க விளக்குமாற்று ஈர்க்கே போதும். சமமாக ஒடித்த நான்கு துண்டில் ஒரு சதுரம். அதை ஒட்டி இன்னொன்று. எண்ணினால் 7தான், பிறகு 10, 13. எட்டு வருமென்று நம்பிய பிள்ளை மறுபடி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். நடு ஈர்க்கு இரண்டு சதுரத்துக்கும் பொது என்று பிடிபட்டதும், “மூணு மூணாக் கூடுது டீச்சர்!” என்று குரல் உயரும்.

பொங்கலுக்கு லயத்து வாசலில் 7, 5, 3, 1 என்று இருபுறமும் குறையும் நேர்ப்புள்ளிக் கோலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே!

விடையை உடனே சொல்லிவிடாமல் காத்திருக்கிறாரே ஆசிரியை, அந்தப் பொறுமை அழகு. “அப்ப பத்துச் சதுரத்துக்கு?” என்பார். படக் படக்கென்று ஈர்க்கு ஒடியும். ஒருத்தி மட்டும் முதல் ஈர்க்கைத் தனியே நகர்த்தி வைத்துப் பார்க்கிறாள்: ஒன்று, அதற்குப் பிறகு சதுரத்துக்கு மூன்று. 31 என்கிறாள். மற்றவர்கள் அடுக்கி முடித்து எண்ணியபோதும் 31தான்.