முகம் செதுக்காத கல்

மனித உடலின் உறுப்புகளைக் களைந்து, அதன் சாரத்தை மட்டும் கல்லில் நிறுத்தும் அரூபச் சிற்பமுறை இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டிலிருந்து தமிழரிடை வந்ததென்று கருதுவாருளர். திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில், பெருங்கற்காலக் கல்வட்டத்தினுள் நிற்கும் பலகைக்கல்லைக் கண்டார்க்கு அக்கருத்து உடன்பாடாகாது. தோளின் விரிவும் உடலின் புறக்கோடுமே அங்குள. கண்ணில்லை, வாயில்லை, கால்கள் பிரிக்கப்படவில்லை. இதனையொத்த உடையார்நத்தத்துக் கல்லை ஊரார் 'விசிறிப் பாறை' என்பர். அவர்தம் கண்ணுக்கு அது உடலாகவே தோன்றவில்லை போலும்!

இவற்றை உளிப்பயிற்சி இல்லாதார் ஆக்கமெனத் தள்ளுதல் பொருந்தாது. பாறையினின்று தோளின் வளைவை வெட்டியெடுக்க வல்லானுக்கு இரு குழிகளாற் கண்ணமைத்தல் அரிதன்று. அவன் வேண்டாவென விட்டான். அது ஈமக்கல் என்பதை மறந்தாரே அதனைக் குறையென்பர். றோமேனியச் சிற்பி பிராங்குசி 1909இல் செதுக்கிய 'முத்தம்' பாரிசில் ஒரு கல்லறைமீதே நிற்கின்றது. ஆயின் அவரும் கண்ணையும் கூந்தலையும் கீறிக் காட்டினார். மோட்டூர்ச் சிற்பி அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

பின்வந்தோர் வேறுவழிச் சென்றனர். 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையிற் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துண்டு, உருவமில்லை. செங்கத்து நடுகற்களிலோ படைக்கலம் ஏந்திய வீரன் முழுமையாக வந்துவிடுகின்றான். கலைவளர்ச்சி எனப்படும் இது உண்மையில் ஓர் இழப்புமாகும்.

வற்றாப்பளைக் கண்ணகிக்குப் பொங்கலெடுக்கும் முள்ளியவளை மக்களுக்கு இஃது எளிதில் விளங்கும். சிலம்பின் வஞ்சிக் காண்டம் இமயக்கல்லை எடுத்து, நீர்ப்படுத்தி, சுமந்து வந்தமையை விரித்துரைக்கும். அதிற் செதுக்கிய முகத்தைப் பற்றி அவ்வாறு விரிப்பதில்லை. அவ்வூரிலேயே விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்லம் ஒன்றும் இருந்தது. உடல் மீட்கப்படாதோர்க்குத் துயிலுமில்லங்களிற் பெயர் பொறித்த நினைவுக்கற்கள் நாட்டப்பட்டன. உடலின் இடத்திற் பெயர் நின்றது. போர் முடிந்த 2009இன் பின் அவ்விடம் சிதைக்கப்படவே, பெயரும் போயிற்று. எக்கல் எவர்க்குரியதென இனி எவராலும் சொல்லவியலாது. ஆயினும் நவம்பர் 27இல் உறவினர் அங்கு விளக்கேற்றுகின்றனர்.

அந்நிலத்தில் என்றேனும் ஒரு சிற்பம் எழுமாயின், மீசையும் துவக்குமாக வார்க்கப்படும் சீமெந்துச் சிலையினும் மோட்டூரின் முகமற்ற தோள்களே அதற்கு ஏற்ற முன்மாதிரியாம். மகளைப் புதைத்தவளும், மகன் எங்கு வீழ்ந்தானென்று அறியாதவளும், துவக்கே தொடாது மாண்டவனின் தாயும் அதன் முன் ஒருங்கே அமரலாம்.