கொள்வினையும் கொடுப்பினையும் – தொடக்க கால இஸ்லாத்தின் பலதார மணம் பற்றி ஒரு திறனாய்வு

நபிகள் நாயகம் ஏன் பல திருமணங்கள் செய்துகொண்டார்? மற்றவர்களுக்கு நான்கு வரை என்று ஏன் அனுமதி வந்தது? மாநிலம் விட்டு மாநிலம் வந்து, பல மதத்தாரோடு ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் காதில் இந்தக் கேள்வி அடிக்கடி விழும். பதில் இரண்டே வகைதான். "அதெல்லாம் ஆசைங்க, வேறென்ன?" என்பார் ஒருவர். "போரில் புருஷனைப் பறிகொடுத்த விதவைகளுக்கு வாழ்வு கொடுத்தார்" என்பார் இன்னொருவர். பேச்சு அத்தோடு நின்றுவிடும். மறுநாள் லிஃப்டில் பார்த்தால் இருவர் முகமும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

இரண்டு பதில்களுக்கும் நூல்வழி மரபு உண்டு. முதலாவதைப் படித்தவர்களிடையே பரப்பியதில் சர் வில்லியம் மூயிருக்குப் பெரும் பங்கு. வட இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் பெரிய அதிகாரி அவர். அலகாபாத்தில் அவர் பெயரில் ஒரு கல்லூரியே இருந்தது. 1858-க்கும் 1861-க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக அவர் எழுதிய நபி வரலாறு, மக்காவில் நல்லவராக இருந்தவர் மதீனாவில் அதிகாரம் வந்ததும் மாறிப்போனார் என்ற தொனியில் செல்வது. இரண்டாவது பதிலை எடுப்பாக எழுதியவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சையத் அமீர் அலி. 1891-இல் வந்த அவருடைய 'தி ஸ்பிரிட் ஆஃப் இஸ்லாம்' விதவை ஆதரவையும் குலங்களை இணைக்கும் நோக்கத்தையும் காரணங்களாகக் காட்டியது. பின்னால் மேடைகளில் பேசியவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் சிக்கல். விதவை ஆதரவு என்ற காரணம் கனிவானது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பாதி வழி கூட வராது. குலங்களுக்கிடையே நடந்த கொள்வினை கொடுப்பினையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மூயிர் வழி வாதத்தை நீட்டி ஆராய வேண்டியதில்லை. மரபு வரலாற்றின்படி நபிகள் 25 வயதில், 40 வயதான விதவையும் வணிகருமான கதீஜாவை மணந்தார். 619-இல் கதீஜா மறையும் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், அந்த வீட்டில் இன்னொரு மனைவி வரவில்லை. எல்லையே இல்லாமல் மணந்துகொள்ளலாம் என்றிருந்த ஊரில், ஆசைக்கு உரிய வயது முழுவதும் அப்படிக் கழிந்தது. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் கதீஜா திருமணத்தைத்தான் விரித்துப் பாடுகிறார். அந்தக் காவியம் முற்றுப்பெறாமல், ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. அரசியல் முக்கியத்துவம் மிகுந்த கடைசி மணங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆகவே தமிழில் இந்த வரலாற்றைக் காவியமாகப் படித்தவருக்குக் கிடைத்தது முன்பாதிதான்.

இப்போது விதவை வாதத்தைச் சோதிப்போம். 625-இல் உஹுதுப் போரில் முஸ்லிம்கள் பக்கம் 70 பேர் அளவில் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மதீனாவாசிகளான அன்சாரிகள். அப்படியானால் ஊர் முழுக்க அன்சாரி விதவைகள். நபிகளின் மனைவியர் பட்டியலில் எத்தனை அன்சாரிப் பெண்கள்? ஒருவர்கூட இல்லை. அன்சாரிப் பெண்களுக்குப் பொறாமைக் குணம் அதிகம் என்று நபிகளே காரணம் சொன்னதாக நசாயி தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. இருக்கலாம். எனக்குப் படுவது வேறு. அன்சாரிகள் அவ்ஸ், கஸ்ரஜ் என்று இரண்டு குலங்கள். தலைமுறைக் கணக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு நடுவராக அழைக்கப்பட்டுத்தான் நபிகள் அந்த ஊருக்கே வந்தார். நடுவர் ஒரு தரப்பில் பெண் எடுத்தால் மறு தரப்பு சும்மா இருக்குமா? பஞ்சாயத்து பேச வந்தவர் சம்பந்தி ஆகிவிட்டால் பஞ்சாயத்து என்ன ஆகும் என்று நம் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெண் எடுத்த இடங்களைப் பாருங்கள். ஆயிஷா, அபூபக்கரின் மகள். (இந்த மணத்தின்போது அவர் வயது ஆறு, இல்வாழ்க்கை தொடங்கியபோது ஒன்பது என்று நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன, பிற்கால ஆய்வாளர் சிலர் இதை மறுக்கிறார்கள். இன்றைய கண்ணுக்கு இது உறுத்தும் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.) ஹஃப்ஸா, உமரின் மகள். கணவர் குனைஸ் இறந்தபின் உமர் தானே போய் உஸ்மானிடம் பெண்ணைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் இப்போதைக்கு இல்லை என்றார். அபூபக்கரிடம் கேட்டார், அவர் வாயே திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு முக்கியத் தோழர்கள் மீது மூன்றாமவருக்கு மனக்கசப்பு வளர இருந்த நேரத்தில் நபிகளே ஹஃப்ஸாவை மணந்தார். இன்னொரு பக்கம் தம் மகள் ருகையாவையும், அவர் இறந்தபின் உம்மு குல்தூமையும் உஸ்மானுக்குக் கொடுத்தார். பாத்திமாவை அலிக்குக் கொடுத்தார். பின்னால் கலீஃபாக்களாக வந்த முதல் நால்வரில் இருவர் மாமனார்கள், இருவர் மருமகன்கள். இந்த உறவு வலைதான் அரசியல் அமைப்பு.

அடுத்தடுத்த மணங்கள் எதிரி முகாமுக்குள்ளேயே போகின்றன. 627-இல் பனூ முஸ்தலிக் குலம் தோற்று, அதன் தலைவரின் மகள் ஜுவைரிய்யா சிறைப்பட்டார். மீட்புத் தொகைக்கு உதவி கேட்டு வந்தவரை, தொகையைக் கட்டி விடுவித்து நபிகள் மணந்துகொண்டார். செய்தி பரவியதும், "நபிகளின் சம்பந்தி வீட்டாரையா நாம் அடிமையாக வைத்திருப்பது?" என்று ஆளாளுக்குத் தம்மிடம் இருந்த கைதிகளை விட்டார்கள், நூறு குடும்பங்கள் விடுதலை பெற்றன. ஒரு குலத்தின் பகை ஒரே நாளில் உறவாயிற்று. உம்மு ஹபீபா யார்? மக்காவில் நபிகளுக்கு எதிரணித் தலைவராக நின்ற அபூசுஃப்யானின் சொந்த மகள். அபிசீனியாவில் அகதியாக இருந்து விதவையானவர். அந்நாட்டு மன்னர் நஜாஷியே மணக்கொடையைத் தந்து நபிகளுக்கு மணமுடித்து வைத்தார். பிறகு ஹிஜ்ரி 8-இல், உடன்படிக்கையைப் புதுப்பிக்க மதீனா வந்த அபூசுஃப்யான் மகள் வீட்டில் விரிப்பின் மீது உட்காரப் போனபோது, மகள் அதைச் சுருட்டி எடுத்துவிட்டார். இந்த மணத்தால் மாமனார் உடனே மனம் மாறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் போரில் எதிரெதிரே நின்ற இருவர் இப்போது மாமனாரும் மருமகனும். அந்த ஆண்டே மக்கா பெரிய இரத்தக்களரி இல்லாமல் கைமாறியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது மைமூனா கதை. 629-இல் மூன்று நாள் மட்டும் மக்காவில் தங்கலாம் என்ற உடன்படிக்கைப்படி நபிகள் வழிபாட்டுக்கு வந்தார். அங்கே மைமூனாவை மணம் பேசினார்கள். மூன்று நாள் முடிந்ததும் குறைஷிகள் வந்து, கிளம்புங்கள் என்றார்கள். "இங்கேயே விருந்து வைக்கிறேன், நீங்களும் வந்து சாப்பிடுங்களேன்" என்றார் நபிகள். உங்கள் விருந்து வேண்டாம், போனால் போதும் என்றார்கள் அவர்கள். பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பகை போய்விடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது! மக்காவுக்கு வெளியே சரிஃப் என்ற இடத்தில் மணம் நிறைவேறியது. மைமூனாவின் அக்காள் தங்கைகளில் ஒருவர் நபிகளின் சிற்றப்பா அப்பாஸின் மனைவி. இன்னொருவர் மகன் காலித் இப்னு வலீத், உஹுதில் முஸ்லிம்களைத் தோற்கடித்த குதிரைப்படைத் தலைவர். சில மாதங்களுக்குள் காலித் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தில் சேர்ந்தார்.

இந்த வாதமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வளர்ப்பு மகன் ஸைது விவாகரத்து செய்த ஸைனபை மணந்தது, வளர்ப்பு மகன் சொந்த மகன் ஆகமாட்டான் என்ற சட்ட மாற்றத்தோடு சேர்ந்தது. அதைக் குல அரசியலில் அடக்க முடியாது. முன்பே தந்தையை இழந்து, 628-இல் கைபரில் கணவரையும் இழந்து நின்ற ஸஃபிய்யாவின் மணத்தை ஒப்பந்தம் என்று சொல்வதும் கஷ்டம். ஒப்பந்தம் செய்துகொள்ள எதிரே பலமான தரப்பு ஒன்று இருக்க வேண்டுமே. அது வெற்றி பெற்றவர் செய்த மணம். ஆதரவு நூல்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடுகின்றன.

இதுவரை நபிகளின் மணங்கள். மற்றவர்களுக்கான 'நான்கு வரை' என்ற வசனம் வேறு கதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் வாசல் பேச்சுகளின் பெரிய குறை. குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 3-ஆம் வசனம் மனைவியரைப் பற்றித் தொடங்கவில்லை. அநாதைகளுக்கு நீதி செய்ய முடியாதோ என்று அஞ்சினால் என்றுதான் தொடங்குகிறது. அநாதைக்கும் நான்கு மனைவிக்கும் என்ன சம்பந்தம்? இதே சந்தேகம் ஆயிஷாவின் அக்காள் மகன் உர்வாவுக்கும் வந்தது. அவர் நேரே சித்தியிடமே கேட்டார். புகாரி தொகுப்பில் உள்ள ஆயிஷாவின் பதில் இது: பாதுகாவலன் ஒருவன் பொறுப்பில் ஒரு அநாதைப் பெண் வளர்கிறாள். அவள் சொத்தும் அழகும் அவன் கண்ணை உறுத்துகின்றன. உரிய மணக்கொடை தராமல் அவளைத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அப்படிச் செய்யாதே, வேண்டுமானால் வெளியில் வேறு பெண்களை மணந்துகொள் என்பதுதான் வசனத்தின் பொருள். இதைவிடக் கூர்மையான உரையை நான் வேறு எங்கும் படித்ததில்லை. பிரச்சினை பெண்களின் எண்ணிக்கையில் இல்லை, சொத்தில் இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்ணே சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்து மதீனாவில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு குடும்பமே சாட்சி. சஅத் இப்னு ரபீஉ என்ற அன்சாரிச் செல்வர். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபை அவருக்குச் சகோதரராக்கினார் நபிகள். "என் சொத்தில் பாதி உனக்கு. எனக்கு இரண்டு மனைவியர், உனக்குப் பிடித்தவரைச் சொல், விலக்கித் தருகிறேன்" என்றார் சஅத். வந்தவர், "உங்கள் குடும்பமும் சொத்தும் நன்றாக இருக்கட்டும், சந்தை எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் போய், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். அந்த இரண்டு மனைவியரை யாரும் எதுவும் கேட்டதாகச் செய்தி இல்லை. இதே சஅத் உஹுதில் இறந்தார். அவர் மனைவி இரண்டு பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நபிகளிடம் வந்து, "சித்தப்பன்காரன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான், கையில் எதுவும் இல்லாமல் இதுகளை யார் கட்டுவார்?" என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனங்கள் வந்தன. மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் தம்பிக்கு என்று தீர்ப்பாயிற்று. பலதார மண வசனமும் இந்த வாரிசுரிமை வசனங்களும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் படிக்கக் கூடாது.

மாண்ட்கோமரி வாட் 1956-இல் எழுதிய 'முஹம்மது அட் மெதினா' உஹுதை இந்த வசனத்தோடு சேர்த்தது சரி. ஆனால் நான்கு என்பது உச்சவரம்பே இல்லை, ஒன்றிரண்டு மனைவியர் உள்ளவர்களை மேலும் மணக்கத் தூண்டியது என்கிறார். தகீஃப் குலத்து கைலான் பத்து மனைவியரோடு இஸ்லாத்துக்கு வந்தபோது, நால்வரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்ற செய்தியோடு இது ஒட்டவில்லை. தொடக்கம் எப்படியோ, நபிகள் காலத்துக்குள்ளேயே அது வரம்பாகிவிட்டது.

அமீர் அலி இன்னொரு படி போனார். எல்லா மனைவியரையும் சமமாக நடத்த உங்களால் இயலாது என்று அதே அத்தியாயத்தின் 129-ஆம் வசனம் சொல்வதால், அனுமதியே கிட்டத்தட்டத் தடை ஆகிவிட்டது என்றார். 1956-இல் துனிசியா பலதார மணத்தைக் குற்றமாக்கியபோது இதே வாதம்தான் பேசப்பட்டது. மரபு அறிஞர்கள் மறுக்கிறார்கள்: 129-ஆம் வசனம், ஒருத்தியை அந்தரத்தில் விட்டுவிடாதீர்கள் என்று மேலும் தொடர்கிறது, ஒரே மனைவி என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்கிறார்கள். வாசகத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் மறுப்பில் பலம் உண்டு. நாமும் அவசரப்பட்டு அடுத்த வீட்டைச் சுட்ட வேண்டாம். மூத்தாள் இளையாள் என்ற சொற்கள் நம் வீடுகளில் புழங்கியவைதானே! இந்துக்களுக்குப் பம்பாயில் 1946-லும் சென்னை மாகாணத்தில் 1949-லும் நாடு முழுவதற்கும் 1955-லும்தான் தடை வந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவி உண்டு என்ற பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3 சதவீதம்.

இந்த வாதங்கள் எல்லாமே ஆண்கள் பக்கமிருந்து பேசப்பட்டவை. அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்? உஹுதுக் காயத்தால் கணவரை இழந்த உம்மு சலமா, அபூபக்கர் கேட்டும் உமர் கேட்டும் மறுத்தவர். நபிகள் கேட்டபோதும் உடனே சரி என்று சொல்லவில்லை: எனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்குப் பொறாமை அதிகம் என்று மூன்று காரணம் சொல்லி, மூன்றுக்கும் பதில் கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தார். வாழ்வு கேட்டு நின்றவர் பேசுகிற பேச்சா இது? விதவை ஆதரவு வாதத்துக்கு இன்னொரு பெரிய இடர், நபிகளின் மனைவியரை அவருக்குப் பின் யாரும் மணக்கக் கூடாது என்ற 33-ஆம் அத்தியாயத்து ஆணை. 632-இல் நபிகள் மறைந்தபோது இளம்பெண்ணாக இருந்த ஆயிஷா, 678 வரை விதவையாகவே வாழ்ந்தார். அரசியலாகப் பார்த்தால் ஆணையின் காரணம் விளங்கும்: நபியின் விதவையை மணந்தவன் ஆட்சிக்கு உரிமை கேட்பான்.

நபிகள் தம் மகள் விஷயத்தில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலி, அபூஜஹலின் மகளையும் மணக்க நினைத்தபோது நபிகள் மேடையேறி மறுத்தார். பாத்திமாவை வருத்துவது என்னை வருத்துவது என்றார், இறைத்தூதரின் மகளும் இறைவனின் எதிரியின் மகளும் ஒருவரிடம் சேரக் கூடாது என்றார். தகப்பன் மனமும் அரசியலும் ஒரே பேச்சில் இருக்கின்றன. பாத்திமா இருந்தவரை அலி வேறு மணம் செய்யவில்லை. பின்னால் செய்த மணங்களில் ஒன்று அஸ்மா பின்த் உமைஸோடு. மைமூனாவுக்குத் தாய்வழிச் சகோதரி. அலியின் அண்ணன் ஜாஃபரின் விதவை. பிறகு அபூபக்கரின் மனைவியாகி அவருக்கும் விதவையானவர். அபூபக்கருக்குப் பிறந்த அஸ்மாவின் மகன் முஹம்மது, அலியின் வீட்டில் வளர்ந்தான். 656-இல் ஒட்டகப் போரில் அலிக்கு எதிரே நின்றவர் ஆயிஷா, அந்தப் பையனுக்கு ஒரே தகப்பன் வழி அக்காள். அவன் அலியின் பக்கம் நின்றான். போர் முடிந்ததும், அம்பு தைத்த ஒட்டகச் சிவிகைக்குள் இருந்த அக்காளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, அழைத்துப் போகச் சொல்லி அலி அனுப்பியதும் அவனைத்தான்.