'எபியூசியோஸ்': ஒரு சொல்லும் நம் பிரசங்கமும்

பரமண்டல ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்தைப் போல் எளிதாக நம் நாவில் எழும் வேண்டுதல் வேறில்லை. ஆயினும் அதில் அப்பத்திற்கு அடைமொழியாய் நிற்கும் 'எபியூசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல், புதிய ஏற்பாட்டின் கடினமான சொற்களுள் ஒன்று. மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய ஈரிடங்களிலன்றி அது திருமறையில் வேறெங்கும் இல்லை. கற்றோர் நூல்களிலும் பொதுமக்கள் பேச்சிலும் காணப்படாத இச்சொல்லை நற்செய்தியாளரே ஆக்கினர் போலும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் கருதினார். கிரேக்கத்தைத் தாய்மொழிபோல் அறிந்தவரே தயங்கிய இடத்தில், நாம் பிரசங்க பீடத்தில் தயங்காது பேசுகிறோம். இந்தத் துணிவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதாக, ஒரு பாப்பிரஸ் சான்றைக் குறித்துச் சொல்லவேண்டும். எகிப்திலிருந்து கிடைத்த ஒரு செலவுக் கணக்குச் சீட்டில் இச்சொல் காணப்படுவதாக 1889-இல் செய்ஸ் என்னும் அறிஞர் வெளியிட்டார். பின்னர் அச்சீட்டு காணாமற்போயிற்று. அவருடைய வாசிப்பை நம்பியே, இது கடைச் சரக்குப் பட்டியலில் வழங்கிய சாதாரணச் சொல் என்று வில்லியம் பார்க்ளே போன்றோர் விளக்கினர். அவ்விளக்கம் நம் ஆயர்கள் பலருடைய பிரசங்கக் குறிப்புகளில் இன்றும் வாழ்கிறது. ஆனால் அச்சீட்டு யேல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அகப்பட்டது. அதை ஆராய்ந்த நெய்மன், வொர்ப் என்னும் இருவர், அங்குள்ள சொல் 'எண்ணெய்' என்பதே என்று 1999-இல் அறிவித்தனர். ஆகவே இச்சான்றை நாம் கைவிட வேண்டும். பார்க்ளே பொய்யுரைத்தார் அல்லர்; தாம் காண இயலாததைப் பிறர் கண்டதாகச் சொன்னபடி ஏற்றார். அதனை அறிந்த பின்னும் நாம் அதையே சொல்வோமாயின் பிழை நம்முடையதாகும்.

இரண்டாவதாக, சொல்லின் வேரைக் குறித்த வாதம். 'ஊசியா' என்பதற்கு இருப்பு அல்லது சாரம் என்று பொருள். அதனடியாகக் கொண்டால், 'வாழ்வுக்குத் தேவையான அப்பம்' என்றோ, 'சாரத்திற்கு மேலான அப்பம்' என்றோ பொருள்படும். சீரிய மொழியின் பெஷீத்தா முன்னதைக் கொண்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'வேண்டிய' என்பதும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தின் 'தேவையான' என்பதும் அவ்வழியே செல்கின்றன. ஜெரோமோ மத்தேயுவில் 'சாரத்திற்கு மேலான' என்றும், லூக்காவில் 'அன்றாட' என்றும் ஒரே கிரேக்கச் சொல்லை இருவிதமாய் இலத்தீனில் பெயர்த்தார். இது அவருடைய புலமைக்குக் குறைவன்று. சொல்லின் கடினத்திற்குச் சாட்சி.

வெறும் 'அன்றாட' என்பதே கருத்தாயின் புதுச்சொல் தேவைப்பட்டிராது. யாக்கோபு 2:15-இல் அன்றன்றைய உணவையும், அப்போஸ்தலர் 6:1-இல் அன்றாடப் பந்தி விசாரணையையும் குறிக்க வேறு சொற்கள் கைவசம் இருந்தன. மேலும் லூக்கா 'நாள்தோறும்' என்றும், மத்தேயு 'இன்று' என்றும் தனியே சொல்லிவிடுகின்றனர். அடைமொழியும் அதையே சொன்னால் கூறியது கூறலாகும்.

இனி மூன்றாம் வழி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 'எபியூசா' என்னும் சொல்லை 'அடுத்த நாள்' என்ற பொருளில் வழங்குகிறது (7:26, 16:11). எபிரெயருக்குரிய நற்செய்தி என்னும் நூலில் இவ்விடத்தில் 'நாளைய' எனப் பொருள்படும் 'மாகார்' என்ற சொல் இருந்ததாக ஜெரோமே குறிக்கிறார். இலக்கண நோக்கிலும், 'வரும் நாளுக்குரிய அப்பம்' என்னும் இப்பொருளே எமக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது.

நாளைக்காகக் கவலைப்படலாகாது என்ற அதே அதிகாரத்தின் போதனைக்கு (6:34) இது முரணாகாதோ எனலாம். ஆகாது. கவலைப்படுவது வேறு, கேட்பது வேறு. கேட்பவன் தன் கவலையைப் பிதாவின் கையில் வைத்துவிடுகிறான். வனாந்தரத்திலும் ஆறாம் நாளில் மறுநாளுக்குரிய மன்னாவையும் கர்த்தர் அன்றே கொடுத்தார் (யாத்திராகமம் 16). திராட்சத்தோட்ட உவமையில் கூலியாளுக்கு மாலையில் ஒரு பணம் கிடைக்கிறது. அந்தக் கூலி அன்றிரவு கைக்கு வராவிடில் மறுநாள் அடுப்பு எரியாது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிடுவதும் (உபாகமம் 24:15) இதனாலன்றோ?

இங்கேதான் பிரசங்கியாருக்குப் பொறுப்பு மிகுகிறது. 'சாரத்திற்கு மேலான' என்பதைப் பற்றிக்கொண்டு, இவ்விண்ணப்பம் திருவிருந்தை மட்டுமே குறிக்கிறது என்று பசித்த சபைக்கு உரைப்பது எளிது. அது அவர்கள் கலத்திலுள்ள அப்பத்தை வேர்ச்சொல்லால் எடுத்துக்கொள்வதாகும். வரவிருக்கும் இறையரசின் பந்தியை இச்சொல்லில் காண்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பந்தி இன்றைய பசியைத் தாண்டிச் செல்லாமல் அதைத் தொட்டே வருகிறது. 'எனக்கு' என்னாது 'எங்களுக்கு' என்று ஆண்டவர் கற்பித்ததால், நாளைய அப்பத்தைத் தன் களஞ்சியத்தில் நிறைத்தவன் அயலானுடைய நாளையையும் சேர்த்தே கேட்கிறான்.

சபையாரின் நாவில் பதிந்த ஜெப வாசகத்தை மாற்றவேண்டும் என்பது எம் கருத்தன்று. 'வேண்டிய' என்பது பிழையான மொழிபெயர்ப்புமன்று. ஐயம் உள்ள இடத்தில் ஐயத்தை ஒப்புக்கொள்வதும், தள்ளுண்ட சான்றைத் தள்ளிவிடுவதுமே நாம் கேட்பது. திருவசனத்தைப் பகுத்துரைக்க அழைக்கப்பட்டோர் ஒரு சொல்லிலும் உண்மையாயிருத்தல் வேண்டும்.